ஐஸ் பெட்டியின் உயரம்

செப்டம்பர் 17, புதன்

ஸ்கேலைத் தொடாமல், வீட்டில் பழகிய ஒரு பொருளைக் கையாலேயே வரையச் சொன்னார் டிராயிங் சார். நான் அய்யாவின் மீன்பிடிப் படகை, மீன் போடும் ஐஸ் பெட்டியோடு வரைந்தேன். படகை விற்று நான்கு வருடமாகிவிட்டது. ஆனாலும் கை எங்கேயும் தயங்கவில்லை.

சார் பார்த்துவிட்டுச் சிரித்தார். "படகைவிட ஐஸ் பெட்டி பெருசா இருக்கேம்மா? நாளைக்குத் திருத்திக் கொண்டா. அப்பத்தான் கம்ப்யூட்டர்ல மாடல் பண்ண விடுவேன்."

வகுப்பே சிரித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தப் பெட்டியை எனக்குத் தெரியாதா?

விடுதிக்கு வந்ததும் பாம்பனில் இருக்கும் அய்யாவுக்குப் போன் போட்டேன். "ஐஸ் பெட்டி எத்தனை அடி உசரம் அய்யா?"

"அளந்தா பாத்தோம்? எனக்கு இடுப்புக்குக் கீழதான் வரும். படகு கரையில நிக்கிறப்ப நீ அதுக்குப் பின்னால போயி நிப்ப. கண்ணு ரெண்டு மட்டும் மேல தெரியும்."

"அப்ப எனக்கு எத்தனை வயசு?"

"நாலு இருக்கும்த்தா."

"வைக்கிறேன் அய்யா" என்று வைத்துவிட்டேன்.

பெட்டியைச் சின்னதாக்கலாம் என்று ரப்பரை எடுத்தேன். ஆனால் அழிக்கவில்லை. பெட்டிக்கு மேலே இரண்டு கண்களை வரைந்துவிட்டேன். இனி இந்தத் தாளைச் சாரிடம் எப்படிக் கொடுப்பது?