பச்சை இன்ஜின் லூமுட் போய்வந்த கதை

இருளாயி,

முனியாண்டி மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ரப்பர் ஷீட்டைப் புகைவீட்டில் தொங்கவிடுவதுபோல, பச்சைப் பெயிண்ட் அடித்த இன்ஜினை உன் அடுப்புக்கு மேலே காயத் தொங்கவிட்டேன். விடியற்காலையில் அது பூனைபோலக் குறட்டை விட்டது. மோட்டார் சைக்கிளில் பூட்டி ஏறினேன். பனிக்கு மேலே மிதந்தே லூமுட் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கடல் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது.

"என்ன பெரியவரே, பின் சீட்டு காலியா இருக்குலா?" என்றான் ஒரு மீன்காரன்.

"ரசச் சட்டியில பிஸ்டனை வேகவச்சேன்னு வீட்டுக்காரி பேசமாட்டேங்கிறா, தம்பி" என்றேன். வலையிலிருந்த மீன்கள்கூட உச்சுக் கொட்டின.

கோபத்தில் பத்து காஜா ஊரிலிருக்கும் உன் தங்கச்சி வீட்டுக்குத் தனியாகக் கிளம்பிவிடாதே. புதுச் சட்டி வாங்கத்தான் போகிறேன். வந்ததும் நானே உன்னை வண்டியில் ஏற்றிப் போகிறேன்.

சோறு மூடியிருக்கிறது. இன்ஜினைத் திரும்ப அங்கேயே மாட்டிவிட்டேன். தொடாதே, பெயிண்ட் ஒட்டும்.

சீனி

பி.கு.: வண்டிக்கு இன்னும் சக்கரம் வாங்கவில்லை.