கால அட்டவணையில் இல்லாத திருவிழா

அக்டோபர் 5, ஞாயிறு

கால அட்டவணை போட்டாயிற்று. இது நான்காவது. முதல் மூன்றும் காலை நாலு மணிக்கு ஆரம்பித்தன. அங்கேயே முடிந்தும் போயின. இதில் ஆறு மணி. மனுசி எழுந்திருக்கிற நேரம்.

தேசிய சட்டப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு டிசம்பர் 7. போன வருடம் அப்படி ஒரு பரீட்சை இருப்பதே அது முடிந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் பிளஸ் டூ முடித்துவிட்டு எந்தக் காலேஜிலும் சேராமல் வீட்டில் இருக்கிறேன். அப்பா கொடுத்தது ஒரு வருடம். சீட் கிடைக்காவிட்டால் ஜூனில் பி.காம். "சத்யா என்ன பண்ணுது?" என்று யாராவது கேட்டால் அம்மா, "வக்கீலுக்குப் படிக்கிறதுக்குப் படிக்குது" என்கிறாள். சரியாகத்தான் சொல்கிறாள்.

காலையில் ஆங்கிலம், பிறகு சட்டக் கேள்விகள், மதியம் கணக்கு, சாயங்காலம் நாட்டு நடப்பு. தீபாவளியைக் கழித்தேன். கரண்ட் இல்லாத நாளைக் கழித்தேன். அம்மாவோடு பரவை மார்க்கெட்டுக்கு வெண்டைக்காய் மூட்டை ஏற்றிப் போகிற காலைகள், வயிற்று வலி, சித்தி வந்தால் வீணாகிற நேரம் - எல்லாம் கழித்தாயிற்று. எதையும் விடவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

சட்டக் கேள்விகளில் அப்பாவுக்கும் ஆர்வம். ஆனால் அவருக்கு உலகத்தில் ஒரே கேஸ்தான். ஊர் அம்மன் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு? அப்பாவுக்கா, ஒன்றுவிட்ட பெரியப்பா சோணைக்கா? ஆறு வருடமாகக் கேஸ் நடக்கிறது, ஆறு வருடமாகத் திருவிழா நடக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சும் இல்லை. நான் எந்தக் கேள்வியை வாசித்துக் காட்டினாலும், "இது நம்ம கேஸு மாதிரில்ல இருக்கு" என்கிறார். இன்று வாசித்தது விமான நிறுவனத்தில் பெட்டி தொலைந்துபோன விவகாரம்.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளிக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருந்தேன். நாலு நாள் ஆகிவிட்டது. சித்தி இன்னும் போகவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் நடந்து கேஸ் முடிந்தது. முதல் மரியாதை அப்பாவுக்கு. தேதி வைக்கிற உரிமை பெரியப்பாவுக்கு. அப்பா மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கி வந்தார். அம்மா அல்வாவைப் பிரிக்கிறபோது பெரியப்பா தேதி வைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. மார்கழி பிறப்பதற்கு முந்தின கடைசி வாய்ப்பு. டிசம்பர் 2 காப்புக் கட்டு, 9 திருவிழா.

ஏழாம் தேதி நடுவில் இருக்கிறது.

காப்புக் கட்டினால் ஊர்க்காரர்கள் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். என் பரீட்சை திருச்சியில், முடிவதே நாலு மணிக்கு. விண்ணப்பத்தில் மதுரையும் இருந்தது. படிக்கப் போகிற ஊரைப் பார்த்து வைக்கலாமே என்று நான்தான் திருச்சி போட்டேன். கொழுப்பு. வேறென்ன?

சித்தி வரைக்கும் கழித்தவள் திருவிழாவைக் கழிக்கவில்லை. ஆறு வருடமாக நடக்காததை யார் கழிப்பார்கள்?

நவம்பர் 3, திங்கள்

காப்புக்கு முன்னாலேயே வண்டியூரில் மைத்ரேயி வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றேன். பள்ளிக்கூடத் தோழி, அவளும் இதே பரீட்சை எழுதுகிறாள். காப்புக் கட்டும்போது ஊரில் இல்லாதவர்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது.

அப்பா சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். "மொத மரியாத வீட்டுப் பொண்ணுதான் மொத முளைப்பாரி தூக்கணும். நீ இல்லாட்டி வீட்ல வேற பொண்ணு இல்ல. ஊரு சிரிக்கும்."

"ஊரு சிரிச்சா எனக்கென்னப்பா? என் வருசம் போகுது."

"என் ஆறு வருசம் போச்சு, தாயி."

அதுக்கு நான் என்ன செய்ய? நானா கேஸு போடச் சொன்னேன்? பி.காம்தான் தலையெழுத்துன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. கணக்குக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு கணக்குகூடப் போடவில்லை.

நவம்பர் 6, வியாழன்

அப்பா என்னிடம் பேசவில்லை. நானும்தான். நாட்டு நடப்பு மட்டும் படித்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் அம்மா சொன்னாள். "ஒங்கப்பா நேத்து ஒம் பெரியப்பா வீட்டுக்குப் போனாரு."

"சண்ட போடவா?"

"காப்பி குடிச்சிட்டு வந்தாரு."

திருவிழா முன்னால் வந்துவிட்டது. நவம்பர் 18 காப்புக் கட்டு, 25 திருவிழா. பதிலுக்கு முதல் மரியாதையும் முதல் முளைப்பாரியும் பெரியப்பா வீட்டுக்கு. இந்த வருடத்துக்கு மட்டுமல்ல, இனி எப்போதும். எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

தோட்டத்துக்குப் போய், "ஏம்ப்பா?" என்றேன்.

"தேதி ஒத்து வரல" என்றார். வெண்டைச் செடியைப் பார்த்துத்தான் சொன்னார்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று அழுதேன். அட்டவணையில் அழுகைக்கு நேரம் ஒதுக்கவில்லை. ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 19, புதன்

நேற்றுக் காப்புக் கட்டினார்கள். ரேடியோ செட்டின் ஒலிபெருக்கிக் குழாய் எங்கள் மாடியைப் பார்த்தபடி இருக்கிறது. செட்டுக்கார அழகுபாண்டி அண்ணனிடம் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னேன்.

"அந்தப் பக்கம் ஒங்க பெரியப்பா வீடு, தாயி. மொத மரியாத வீட்டுக்காரக பக்கமா இம்புட்டுச் சத்தம் வைக்க முடியுமா?"

ஐந்தாவது அட்டவணை: எல்லாப் பாடமும் மோட்டார் ரூமில்.

நவம்பர் 25, செவ்வாய்

பூசாரி முதலில் பெரியப்பாவுக்குப் பரிவட்டம் கட்டினார். அப்புறம் அப்பாவுக்கு. எனக்குப் பக்கத்தில் யாரோ சொன்னார்: "ரெண்டாவதா நிக்கத்தான் ஆறு வருசம் கோர்ட்டுக்கு நடந்தியா, மாப்ள?" அப்பா சிரித்தார். வாங்கிய திருநீற்றைப் பூசாமல் வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

நான் இரண்டாவது முளைப்பாரி தூக்கினேன். கனம் ஒன்றுதான்.

டிசம்பர் 7, ஞாயிறு

திருச்சி. அப்பாவும் வந்தார். வெளியே வந்தபோது, நான் உள்ளே போகும்போது நின்ற அதே இடத்தில் நின்றார்.

"எப்படி?"

"பரவால்லப்பா."

"பரவால்லன்னா?"

"தெரியலப்பா."

கணக்கில் ஐந்தாறு விட்டுவிட்டேன். பஸ்ஸில் அப்பா தூங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. இது போச்சு என்றால் நான் பி.காம் படிக்கலாம், செத்துப்போக மாட்டேன். ஆனால் இந்த மனுசன் கொடுத்ததை எங்கே போய்த் திருப்பி வாங்குவது?

டிசம்பர் 17, புதன்

ரிசல்ட் வந்தது. மைத்ரேயி போனில் இரண்டு தடவை சரிபார்த்தாள். நான் மூன்று தடவை. தோட்டத்துக்கு ஓடினேன். அப்பா தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"மொத ஆளு யாரு?" என்று கேட்டார்.

"யாரோ வடக்க உள்ள பையன்ப்பா."

"நீ?"

"நாலாயிரத்துச் சொச்சமாவது ரேங்க்."

"சீட்டு?"

"கெடச்சிரும்ப்பா. நம்ம கோட்டாவுக்கு இந்த ரேங்கே போதும்."

"அப்பறம் என்ன. மொத ஆளா நின்னு என்னத்தக் கண்டோம்" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்கு மடை மாற்றப் போனார்.