குப்பைப் பெட்டியில் ஐந்து அழைப்புகள்

தேதி: 4 ஜனவரி 2009

ஓஸ்னியேலுக்கு,

அன்புள்ளன்னு எழுத கை வரல. இது மெயில்ல நான் போடுற அஞ்சாவது கடிதம். நம்ம லெய்திக்கு இந்த 2016 ஏப்ரல் 16, சனிக்கிழமை பதினஞ்சு வயசு விழா. முதல் வால்ட்ஸ் நடனத்தை அப்பா கையைப் பிடிச்சுத்தான் ஆடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. எனக்காக வர வேண்டாம், அவளுக்காக பனாமாவிலிருந்து ஒரு தடவை நம்ம ஊர் ஒல்கீனுக்கு வா. போன் நம்பரையும் மாத்திட்டே, வேற எப்படிக் கேக்க?

யுதெல்கிஸ்

தேதி: 20 ஏப்ரல் 2016

யுதெல்கிஸ்,

என் மக விழாவை ஊர்க்காரன் போன்ல போட்டோவா பாக்க வெச்சிட்டியே! ஒரு வரி எழுதினியா? அழைக்காத வீட்டுக்கு நான் எப்படி வருவேன்? பிள்ளையைப் பிரிக்க எத்தனை நாளா திட்டம் போட்டே? சீ, நீயும் ஒரு தாயா!

ஓஸ்னியேல்

தேதி: 22 ஏப்ரல் 2016

ஓஸ்னியேல்,

இதை என் தம்பி ஆபீஸ் கம்ப்யூட்டர்லருந்து எழுதுறேன். அஞ்சு கடிதம் போட்டேன்டா! உன் மெயில்ல இருக்கிற குப்பைப் பெட்டியைக் கிளறிப் பாரு. ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறவனுக்கு இதையும் நான் சொல்லித் தரணுமா?

யுதெல்கிஸ்

தேதி: 23 ஏப்ரல் 2016

யுதெல்கிஸ்,

அஞ்சும் குப்பையிலதான் கிடக்கு. ஒவ்வொண்ணுலயும் ‘தேதி தவறு, போலியாக இருக்கலாம்’னு எச்சரிக்கை. 2009ன்னு தேதி போட்டு அனுப்பினா எந்த மெயில் வடிகட்டி உள்ளே விடும்? கூறு கெட்டவளே, கம்ப்யூட்டர்ல தேதியைச் சரி பண்ணத் தெரியாதா? லெய்தியை எனக்கு எழுதச் சொல்லு.

ஓஸ்னியேல்

தேதி: 24 ஏப்ரல் 2016

ஓஸ்னியேல்,

நல்லாத் தெரியும். கவுனுக்கு அளவு போடுற புரோகிராம் முப்பது நாள்தான் இலவசம், மாசாமாசம் தேதியை 2009க்கே தள்ளிட்டா நிக்காம ஓடும்னு சொல்லிக் கொடுத்தது யாரு? நீதானே! பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பின அன்னிக்கு சொல்லிக் கொடுத்தே. அதை நம்பித்தான் ஏழு வருஷமா தைச்சுப் பிழைக்கிறேன். லெய்தி கவுனையும் அதுலதான் வெட்டினேன்.

பாட்டு ஆரம்பிச்சதும் அவ வாசலையே பாத்துக்கிட்டு நின்னா. "அம்மா, முதல்லருந்து போடச் சொல்லு, அப்பா வந்துட்டு இருப்பாரு"ன்னா. ரெண்டு தடவை திரும்பப் போட்டாங்க. மூணாவது தடவை நான்தான் அவளோட ஆடினேன்.

இன்னிக்குத் தேதியைச் சரி பண்ணிட்டேன். புரோகிராம் நின்னுபோச்சு, போகட்டும். உன் கடிதத்தை அவகிட்டக் காட்டினேன். முழுசாப் படிச்சா. அப்பாவுக்கு எழுதுறியான்னு கேட்டேன்.

"பதினாறாம் தேதி முடிஞ்சுபோச்சும்மா"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா.

யுதெல்கிஸ்