பாஞ்சாலிக்குச் சொல்லிக் கொடுத்த பதில்

8-7-1946
மாம்பலத்தில் என் சவரக் கடையில் நல்ல கூட்டம். வக்கீல் வேதாந்தம் தலையில் மிச்சமிருக்கும் நாலு முடிக்குக் கத்தரி எதற்கு, பேர் சொல்லிக் கூப்பிட்டாலே வந்துவிடுமே என்றேன். அவரே சிரித்தார். சைதாப்பேட்டை வீட்டுக்கு வந்து என் பெண் பாஞ்சாலியிடம் அதைச் சொன்னேன். சிரிக்கவில்லை. பதினோரு வயசு. அவள் அம்மா செத்துப் போய் எட்டு மாசம். பெண் ஒரு நாள்கூட அழவில்லை.

11-7
பள்ளிக்கூடத்தில் பங்கஜம் டீச்சர் கூப்பிட்டார். "குழந்தை நாள் பூரா ஜன்னலையே பாத்துண்டிருக்கா, கனகராஜ். பதினெட்டாம் தேதி லேடி டாக்டர் வரா. கண்ணு, பல்லோட இந்த வருஷம் மனசையும் விசாரிப்பா. மறைக்காம சொல்லச் சொல்லு."
"அப்போ என்னையும் பாக்கச் சொல்லுங்கம்மா" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

12-7
கடையில் எவன் உளறினாலும், கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வண்டி சொல்லட்டா என்று கேட்பவன் நான்தான். இருபது வருஷமாக. நாளைக்கு என் பெண்ணை அப்படிக் கேட்டால்?

15-7
விளையாட்டு மாதிரி ஆரம்பித்தேன். கத்தி தீட்டும் தோல் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் டாக்டர்.
"தூக்கம் வருதா?"
"நல்லா வருது."
"பயமா கீதா?"
"ஒண்ணும் பயமில்லே."
"அம்மா ஞாபகம் வருதா?"
ஜன்னலைப் பார்த்தாள்.
"வர்லேன்னு சொல்லு கண்ணு."
பத்துத் தரம் கேட்டேன். அப்புறம், "நெஜமா வந்தா, நைனா?"
"வந்தாலும்."

18-7
லேடி டாக்டர் கொடுத்த சீட்டில் குறை ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறதாம். பங்கஜம் டீச்சர், "நீ ஏதாவது சொல்லிக் கொடுத்தியா?" என்றார். இல்லையென்றேன். ஜிலேபி வாங்கிப் போனேன். நான்தான் தின்றேன்.

3-9
ஒன்றுமில்லை. சோறு பாதி வைத்துவிட்டாள்.

9-11
அவள் அம்மாவுக்கு முதல் தெவசம். படையல் போட்டதும் எனக்குத் தாங்கவில்லை. ஊரைச் சிரிக்க வைக்கிறவன், வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"உனக்கு ஞாபகம் வர்லியா கண்ணு?"
"வர்லே, நைனா."
இந்தத் தரம் யோசிக்கவே இல்லை. உடனே சொன்னாள். என்ன காரியம் பண்ணிவிட்டேன்?

11-11
கடை திறக்கவில்லை. டீச்சரிடம் போய் நான் செய்ததைச் சொன்னேன். திட்டவில்லை. லேடி டாக்டர் இனி அடுத்த ஜூலையில்தான் வருவாராம்.
சாயங்காலம் பட்டை கிட்டை ஒன்றும் மாட்டாமல் எதிரே உட்கார்ந்தேன். "நைனா தெரியாம சொல்லிக் குடுத்துட்டேன். உன் மனசுல இன்னா கீதோ, அத சொல்லு" என்றேன்.
நிமிர்ந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டாள்.
"நல்லா தூக்கம் வருது" என்று ஆரம்பித்தாள்.