முரட்டு அழகுக்கு ஏழு மார்க்

அன்புள்ள யெல்காவுக்கு,

கிளீவ்லண்டிலிருந்து அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அம்மாவின் இடது கண்ணில் மட்டும் புரை முற்றிவிட்டது, மார்ச் ஒன்பதாம் தேதி ஆபரேஷன். நீ அங்கே சான் டியேகோ வெயிலில் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே ஏரிக்காற்று இந்த வருஷம் ஆளைக் கொல்கிறது, மூன்று நாளாகத் தெருவில் பனி வாரவில்லை. போனில் பேசியிருக்கலாம். பேசினால் பாதியில் நீ "அப்பா, உங்களுக்குப் புரியல" என்பாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்குவாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

சொல்ல வந்தது பக்கத்து வீட்டு ஒடெஸ்ஸாவைப் பற்றி. நானும் அம்மாவும் ஷிப்ட் முடிந்து வரும்வரை நீ அவள் சமையலறையில்தானே கிடப்பாய், அத்தை அத்தை என்று. அவள் போய்விட்டாள். செத்துப்போகவில்லை, பயப்படாதே. ஜனவரி பதினாலாம் தேதி டோலிடோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நாற்பத்தோரு வருஷம் குடியிருந்த வீட்டின் கதவு ஜன்னலுக்கெல்லாம் நகராட்சி ஆட்கள் பலகை அடித்துவிட்டார்கள். அவள் ஏன் போனாள் என்று உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மா இத்தனை நாள் என்னைத் தடுத்தாள், குழந்தை மனசு கஷ்டப்படுமாம். குழந்தைக்கு முப்பத்து நாலு வயசு.

செப்டம்பரில் படம் பிடிக்கிற உன் சிநேகிதியோடு வந்தாயே, பிட்ஸ்பர்க், பஃபலோ, டெட்ராய்ட் எல்லாம் சுற்றிவிட்டு. எந்த ஊர் அதிக முரடு, எந்த ஊர் அழுக்கில் அதிக நிஜம் என்று சாசேஜை வெட்டிக்கொண்டே இரண்டு பேரும் பேசினீர்கள். பிட்ஸ்பர்க் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டுவிட்டது, இனி அங்கே ஒன்றுமில்லை என்றாய். டெட்ராய்ட்தான் அசல் என்றாய். பஃபலோவில் ஒரு பாவப்பட்ட களை இருக்கிறது என்றாள் உன் சிநேகிதி. நம் ஊரைப் பற்றி நீங்கள் வாய் திறக்கவில்லை, நம் ஊர் எப்படி என்று நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கும் அப்போது ஒரு வீம்பு வந்தது, மறைக்கவில்லை. முப்பது வருஷம் உருக்காலையில் கிரேன் ஓட்டியவன், டெட்ராய்ட்காரனுக்கு நாங்கள் ஒன்றும் இளைத்தவர்கள் இல்லை என்று மேஜையைத் தட்டினேன். வேறு மாதிரி சொல்லியிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் நான் பிட்ஸ்பர்க்கிலும் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன். அங்கே கரித்தூசி, இங்கே செந்தூசி. கொடியில் காயும் படுக்கை விரிப்பில் துரு மாதிரி படிந்துவிடும், உன் அம்மா அழுதுகொண்டே மறுபடி துவைப்பாள். எந்த ஊர்த் தூசி என்பது மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் தெரியும், நெஞ்சுக்குள் போன பிறகு எல்லாம் ஒன்றுதான். அதற்கு அழகு என்று ஒரு பெயர் உண்டு என்பது அதைச் சுவாசித்த எவனுக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் ஒடெஸ்ஸா நைட்டியோடு முன்தாழ்வாரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். உன் சிநேகிதி கேமராவைத் தூக்கினாள். ஒடெஸ்ஸா வேண்டாம் என்றாள், அது உனக்கும் கேட்டிருக்கும். என்னைப் பார்த்து, "தலைகூட வாரல லூ, நாளைக்கு வரச் சொல்லு, நல்ல கவுன் போட்டுக்கிட்டு உக்காருறேன்" என்றாள். நான்தான் வேலியோரம் நின்று, "அட சும்மா உக்காரு ஒடெஸ்ஸா, நம்ம பொண்ணுதானே, வேற யாரு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், எல்லாப் பழியையும் உன் தலையில் போடுகிறேன் என்று நீ நினைக்கக் கூடாது.

அக்டோபரில் பத்திரிகையில் உன் கட்டுரை வந்தது. அம்மா பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தாள். டெட்ராய்ட்டுக்கு ஒன்பது மார்க், பஃபலோவுக்கு எட்டு, நமக்கு ஏழு. முரட்டு அழகுக்கு மார்க்காம். நம் ஊர்ப் பக்கத்தில் முழு அளவில் ஒடெஸ்ஸாவின் படம், பின்னால் தொங்கும் கூரை, நான் முட்டுக்கொடுத்த மரத்தூண். கீழே நீ எழுதியிருந்தாய், இங்கே எதையும் யாரும் சரிசெய்வதில்லை, அதுதான் இந்த ஊரின் கவர்ச்சி என்று. அந்தத் தூணை ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று நட்டவன் உன் அப்பன். யாரும் சரிசெய்வதில்லையா? சர்ச்சில் ஒருத்தி எல்லார் முன்னாலும், "என்ன ஒடெஸ்ஸா, நைட்டியோட ஊரு பூரா சுத்துறியாமே" என்று கேட்டாளாம். ஒடெஸ்ஸாவே அதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அடுத்த ஞாயிறு சர்ச்சுக்குப் போகவில்லை.

நவம்பரில் நகராட்சியிலிருந்து கட்டடம் பார்க்கும் ஆள் வந்தார். நல்ல மனுஷன்தான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "அம்மா, இந்தத் தெரு வழியா நான் பத்து வருஷமா போறேன், கண்டும் காணாமத்தான் போவேன். இப்ப படத்த எல்லாரும் பாத்துட்டாங்க, மனு மேல மனு வருது. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அறுபது நாளில் தாழ்வாரம், அஸ்திவாரம் இரண்டையும் லைசென்ஸ் உள்ள ஆளை வைத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நானும் யூனியன் நண்பர்கள் இரண்டு பேரும் கடப்பாரையோடு போனோம். மண் உறைந்து கல்லாகிவிட்டது, ஒரு சாண்கூட இறங்கவில்லை. லைசென்ஸ்காரன் ஒருத்தன் வந்து பார்த்துவிட்டு ஏப்ரலில் வருகிறேன் என்றான். ஏப்ரல்வரை நகராட்சி காத்திருக்கவில்லை. கடைசி நாள் அவள் வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். பலகை அடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்கு இது என்று கேட்டேன். "அடுத்து உள்ள வர்றவங்க என்னப் பத்தி என்ன நெனப்பாங்க?" என்றாள். உள்ளே வரப்போவது எலிதான் யெல்கா. போன வாரம் உன் வயசில் இரண்டு பேர் வந்து அந்தப் பலகைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பனி வாரும் மண்வெட்டியோடு வெளியே போய் நின்றேன். என்னையும் எடுத்தார்கள்.

போன சனிக்கிழமை டோலிடோவுக்குப் போனேன். இரண்டு மணி நேர ஓட்டம், வழியெல்லாம் வழுக்கல். தங்கை வீட்டில் அவளுக்குத் தனி அறை இல்லை, கூடத்தில் சோபாவில்தான் படுக்கை. எனக்குக் காபி கொடுத்தாள், அம்மாவின் கண்ணை விசாரித்தாள். யெல்கா வருத்தப்படுகிறாள் என்று பொய் சொன்னேன். "அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று ஒத்துக்கொண்டேன். "அப்ப எதுக்கு லூ அவ சார்பா நீ வருத்தப்படுற, உன் சார்பா என்ன வச்சிருக்க?" என்றாள். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள், பார்த்து ஓட்டு என்றாள். மறுபடி வா என்று சொல்லவில்லை.

இப்போது உனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு வருவதாக அம்மாவிடம் சொன்னாயாம். வா, உன் அறை இருக்கிறது. ஆனால் முதலில் டோலிடோவில் இறங்கு, தனியாகப் போ. என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன், நீ எழுத்துக்காரி. அவள் கதவைத் திறக்காவிட்டால் திரும்பி வா, சோறு போடுகிறோம். ஆபரேஷன் அன்று காலை எட்டு மணிக்குள் அம்மாவைக் கூப்பிடு, பிறகு போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வேளைக்குச் சாப்பிடு. நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறாள் அம்மா, நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

இன்னும் கோபம் ஆறாத உன் அப்பா,
லுட்விக் ஜெரிச்

ஒடெஸ்ஸாவின் டோலிடோ முகவரி அடுத்த தாளில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாமல் எழுதி வைத்தேன்.