கம்ப்யூட்டருக்குள் ஓர் ஊர் வரைந்தவருக்கு

நேற்று மகள் வீட்டில் மருமகன் டிவியில் ஏதோ விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார். குதிரையில் ஒருவன் மலைச்சரிவில் போகிறான். எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாமாம், ராஜ்யம் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. எல்லோரும் குதிரையைப் பார்த்தார்கள். நான் புல்லைப் பார்த்தேன். ஒரே புல்கொத்து எங்கே மறுபடி வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்க்க வைத்தது நீங்கள்தான், நண்பரே.

எங்கள் ஊர் மண்ணரையில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தீர்கள். பனியன் துணியில் பிரிண்ட் அடிக்க டிசைன் வரைவது உங்கள் வேலை. ஒரு சதுரம் வரைந்து, அதையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து முழுத் துணியையும் நிரப்ப வேண்டும். "ரிபீட் கண்ணுக்குத் தெரிஞ்சா டிசைன் செத்துப்போச்சுங்க சார்" என்பீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பூகோள வாத்தியாரான என்னிடம் கேட்டீர்கள்: "ஆறு எந்தப் பக்கம் மண்ண அரிக்கும்ங்க? எந்தப் பக்கம் மணல் தள்ளும்?"

வரைந்து காட்டாமல் எனக்குப் பேச வராது. சாக்பீஸால் தரையில் நொய்யலை வரைந்தேன். வளைவின் வெளிப்பக்கம் அரிக்கும், உள்பக்கம் மணல் சேரும். அடுத்த வாரம் மலையைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கடுத்த வாரம், கோட்டைக்கு வாசல் எந்த இடத்தில் வைப்பார்கள் என்று கேட்டீர்கள்.

"பனியன்ல கோட்டை வாசலுங்களா?" என்றேன்.

"அப்பறம் சொல்றனுங்க" என்று நழுவினீர்கள். அன்றிலிருந்து உங்கள் பையில் இருந்த ஒவ்வொரு தாளின் மேலும் எனக்கு ஒரு கண்.

பிறகு அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைக்காரர் ஒருவர் உங்களைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றி என் வாசலுக்கே கொண்டுவந்தார். அவர் கையில் உங்கள் நோட்டு. அவருடைய பட்டறையின் பின்மதில், ஜன்னல், புகைபோக்கி எல்லாம் அளவோடு அதில் இருந்தன.

"ஏனுங்க சார், மூணு நாளா எங்க பின்செவுத்தையே பாத்துட்டு நிக்கறாருங்க. கேட்டா உங்க ஊட்டுக்குப் பக்கத்து ஆளுங்கறாரு. நம்பலாமுங்களா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னால் பெண்ணே கொடுத்துவிடுகிற ஊர் இது.

"தெரிஞ்சவர்தானுங்க. ஆனா எதுக்கு வரையறார்னு எனக்கும் பிடிபடலீங்க" என்றேன்.

பட்டறைக்காரர் நோட்டோடு நேராக உங்கள் கம்பெனிக்குப் போனார். அங்கே சந்தேகம் வேறு மாதிரி கிளம்பியது: கம்பெனி டிசைனை வெளியே யாருக்கு வரைந்து கொடுக்கிறீர்கள்? கோயம்புத்தூரில் இரண்டு பேர் செய்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக ஓர் ஊர் வரைகிறேன் என்று அப்போதுதான் சொன்னீர்கள். யாரும் நம்பவில்லை. காதில் விழுந்தபோது நானும் நம்பவில்லை. வேலை போயிற்று.

கோயம்புத்தூருக்குக் குடிபோகும் முன் சொல்லிக்கொள்ள வந்தீர்கள். "வெளி வேல பாக்கறது தெரிஞ்சா கம்பெனில வெக்கமாட்டாங்கன்னுதானுங்க வாயத் தொறக்கல. நீங்க ஒண்ணும் பொய் சொல்லலீங்க சார்" என்றீர்கள். அதற்குப் பதில் என்னை இரண்டு திட்டுத் திட்டியிருக்கலாம்.

ஒன்றரை வருஷம் கழித்து நீங்களே என்னைக் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டு, ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தீர்கள். பட்டனை அழுத்தினால் ஒரு வீரன் நடந்தான். ஆற்று வளைவில் மணல் சரியான பக்கம் இருந்தது. புல்லில் ரிபீட் தெரியவில்லை. தூரத்தில் ஒரு மதில், அதற்குப் பின்னால் புகை.

"எங்க போகணும்ங்க?" என்றேன்.

"நான் சொல்லமாட்டனுங்க. அங்க என்னமோ இருக்குதுன்னு ஒரு சந்தேகம் வந்தாப் போதும், ஆளு தானா போயிருவான்."

போனேன். மதிலுக்குள் ஒரு தெரு, பன்னிரண்டு வீடுகள். எந்தக் கதவை முட்டினாலும் திறந்தது. ஒரு வீட்டில் அடுக்கிய அண்டாக்கள், ஒரு வீட்டில் தூங்கும் பூனை. கடைசி வீட்டில் நீல ஜன்னல், வாசலில் செம்பருத்தி, மூன்று படிகளில் நடுப்படி உடைந்திருந்தது. என் வீடு. அந்தக் கதவு மட்டும் திறக்கவில்லை.

"இது ஏனுங்க தொறக்கல?"

"அது வெறும் படமுங்க சார். உள்ள வரைய நேரமில்ல."

அந்த விளையாட்டு முடியாமலே நின்றுபோனது. இப்போது நீங்களும் இல்லை. நேரமில்லை என்று நீங்கள் சொன்னதை நம்பிவிட எத்தனையோ முறை முயன்றுவிட்டேன். ஆனால் பக்கத்து வீட்டுப் பூனைக்கு நீங்கள் மீசை கூட வரைந்திருந்தீர்கள்.