உருளைக்கிழங்கு பச்சையாகாத காலை

உன் தோல் பை என்னிடம் வந்துவிட்டது. நேற்று மத்தியானம் உன் வீட்டுக்காரியே ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி, திருவொற்றியூருக்குக் கொண்டுவந்தாள். "அவரு சாமானை வச்சிகினு நான் இன்னாண்ணே பண்ணப் போறேன்? கரண்டு வேலைக்காரன் நீதான், வச்சிக்கோ" என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். நீ போய் இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை.

பையைத் திறந்ததும் மரத்தூள் வாசனைதான் முதலில் வந்தது. கட்டிங் பிளேயர், முனை மழுங்கிய திருப்புளி, இறுகிக் கட்டியாகிப்போன கறுப்பு டேப். எல்லாவற்றுக்கும் அடியில் எண்ணெய்க் காகிதத்தில் மடித்து வைத்த சிவப்பு அட்டை. சணல் கயிறு இன்னும் அதன் காதில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் என் கையெழுத்து. கண்ணாடி இல்லாமலேயே தெரிந்தது எனக்கு. அட்டையைப் போட்டுவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டேன். சாப்பிடக் கூப்பிட்ட மனைவியிடம் பசியில்லை என்றேன்.

அந்த அட்டை மரத்தூளோடு மரத்தூளாக வாரப்பட்டு எந்த அடுப்பிலோ எரிந்துபோயிற்று என்றுதான் இத்தனை வருஷமாக நம்பியிருந்தேன். அது உன்னிடம் இருந்திருக்கிறது. அப்படியானால் உனக்கு எல்லாம் தெரியும். எட்டு வருஷமாகத் தெரியும். தெரிந்துகொண்டே என்னோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாய். அந்த அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் போய்ச் சேர்ந்தவனுக்குக் கடிதம் எழுதும் பைத்தியக்காரனாக உட்கார்ந்திருக்கிறேன்.

நம் சண்டை ஊருக்கே தெரிந்த சண்டை. நீ மரம் அறுக்கும் மில்லில் டி.சி. மோட்டார்களைக் கட்டிக் காத்த ஃபிட்டர். நான் கரண்டு ஆபீசில் ஏ.சி. லைன் இழுக்கிற கூட்டத்தில் ஒருவன். சுதந்திரம் வந்த சமயத்தில் ராயபுரத்தில் பாதித் தெருவுக்கு உன் கரண்டு, மீதித் தெருவுக்கு என் கரண்டு. ஒரே டீக்கடையில் இந்தச் சுவரில் ஒன்றும் அந்தச் சுவரில் ஒன்றும் ஓடியது. நாம் அந்தக் கடையில்தான் உட்காருவோம், அதற்காகவே.

"என் கரண்டு ஒரே பக்கமாப் போவும், நேர்மையான ஆளு. உன்னுது இன்னாடான்னா முன்னால ஒரு அடி, பின்னால ஒரு அடி. இங்க வரலாமா அங்க போலாமான்னு பேஜாரு பண்ணிகினே கீது. இதை நம்பி எவன் வூட்டுல வெளக்கு போடுவான்?" என்பாய்.

"உன் நேர்மையான ஆளுக்கு ரெண்டு தெரு தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்குது. என்னுது எண்ணூரு வரைக்கும் போய்ட்டு வரும்" என்பேன் நான்.

கடையில் இருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்வார்கள். கடைசியில் உன் ஆயுதத்தை எடுப்பாய். "டி.சி. அடிச்சா ஒரே அடி, தூக்கிப் போட்டுடும், எழுந்து வந்துடலாம். ஏ.சி. கீதே, அது திருட்டுப் பய. கையப் புடிச்சிகினா வுடாது" என்று சொல்லிவிட்டு, கடையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஏ.சி. அடித்தவனைப் போல் உடம்பெல்லாம் உதறிக் காட்டுவாய். பல் கிடுகிடுக்கும், கண் மேலே செருகும், கால் தனியாகத் தாளம் போடும். மீன் கூடையோடு போகிற பெண்கள்கூட நின்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆட்டம் முடிந்தது என்பதற்கு அடையாளமாக என்னைப் பார்த்து ஒரு கண்ணடிப்பாய். அது எனக்கு மட்டும்.

உன் உருளைக்கிழங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மில்லில் லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் வேலையும் உன்னுடையது. அதற்கு எது பிளஸ் கம்பி, எது மைனஸ் கம்பி என்று தெரிய வேண்டும். பையில் எப்போதும் ஒரு உருளைக்கிழங்கு வைத்திருப்பாய். பாதியாக வெட்டி, இரண்டு கம்பி முனையையும் ஒரு விரல் இடைவெளியில் குத்துவாய். கிழங்கு வெந்துபோகாமல் இருக்க நடுவில் ஒரு ரெசிஸ்டன்ஸ் சுருள். கொஞ்ச நேரத்தில் பிளஸ் கம்பியைச் சுற்றிப் பச்சை பூக்கும். லைனில் கரண்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவும் அதே கிழங்குதான். டெஸ்ட் பல்பு வைத்துக்கொள்ளேன் என்றால் கேட்க மாட்டாய். "பல்பு பொய் சொல்லும் மாமு. உள்ள கம்பி அறுந்திருந்தா லைனே செத்துட்ச்சுன்னு சொல்லும். கிழங்கு பொய் சொல்லாது."

டி.சி. மட்டும் இருந்த உலகத்தில் அது உண்மை. ஏ.சி. கம்பியை அந்தக் கிழங்கில் குத்தினால் பச்சை வராது. முன்னும் பின்னும் ஓடுகிற கரண்டுக்குப் பிளஸ் ஏது, மைனஸ் ஏது? இது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

உங்கள் மில்லுக்கு ஏ.சி. மாற்றுவதாக உனக்குச் சொல்லியிருந்தது மறுநாள் மத்தியானத்துக்கு. எங்கள் ஆட்களுக்கு வேறு இடத்தில் வேலை வந்ததால், முதல் நாள் சாயங்காலமே, நீ வீட்டுக்குப் போன பிறகு, லைனை மாற்றிவிட்டோம். மாற்றிய போர்டில் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். 'ஏ.சி. வந்துவிட்டது, தொடாதே' என்று எழுதி, நான் கையெழுத்துப் போட்டு, காலையில் மில் ஆளிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அட்டையை எழுதினேன். என் கையெழுத்தைப் போட்டேன். கட்டப் போன நான் கட்டவில்லை. நீ காலையில் வந்து கிழங்கைக் குத்திவிட்டுப் பச்சை வராமல் முழிப்பதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. டீக்கடையில் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரிக்கலாம். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்தது. இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் முதல் தடவையாக இதை எழுத்தில் பார்க்கிறேன்.

காலையில் உனக்கு முன்னால் வந்து வாசல் பக்கம் நின்றுகொண்டேன். நீ வந்தாய், வாயில் பற்றவைக்காத பீடி. கிழங்கை வெட்டினாய், குத்தினாய், உட்கார்ந்து பார்த்தாய். பச்சை வரவில்லை. திருப்பிக் குத்தினாய். வரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தாய்.

"மாமு, உங்காளுங்க லைனை வெட்டிட்டாங்களா? செத்துக் கீதே."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்ததை, இன்னும் கொஞ்சம் முழிக்கட்டும் என்று அடக்கிக்கொண்டேன். "அப்பிடியா?" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் அது.

நீ இவ்வளவு சீக்கிரம் கை வைப்பாய் என்று நான் நினைக்கவில்லை. சார்ஜ் கம்பியைக் கழற்றப் போர்டில் கையை வைத்தாய். உதற ஆரம்பித்தாய். பல் கிடுகிடுத்தது, கண் மேலே செருகியது, கால் தனியாகத் தாளம் போட்டது. நான் சிரித்தேன். மரம் தூக்கிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். என் திட்டம் உனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, அதனால்தான் எனக்கு நடித்துக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். நான் கண்ணடிப்புக்காகக் காத்திருந்தேன்.

அது வரவில்லை. பீடி மட்டும் கீழே விழுந்தது. அப்புறம் தோல் கருகும் வாசனை.

எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று எனக்குத் தெரியாது. ஐந்து எண்ணுவதற்குள்ளாக இருக்கலாம், பத்தாக இருக்கலாம். நான் சாகும்வரை எண்ணினாலும் அது தெரியப்போவதில்லை. காய்ந்த தேக்குப் பலகை ஒன்றை எடுத்து உன் கையில் ஓங்கி அடித்தேன். மரத்தூள் குவியல் மேல் விழுந்தாய். மூச்சு இல்லை. நெஞ்சை அமுக்கினேன். சட்டையைக் கழற்றிச் சுருட்டி உன் தலைக்கு அடியில் வைத்தேன். மறுபடி அமுக்கினேன். நீ ஒரு தடவை இருமினாய். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்போதுதான் அட்டை விழுந்திருக்க வேண்டும். உன் தலைக்கு அடியில், என் சட்டைப் பையிலிருந்து.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. நான் உன் உயிரைக் காப்பாற்றியவன் ஆகிவிட்டேன். மில் ஆட்கள் என் முதுகில் தட்டினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் வீட்டுக்காரி என் காலில் விழுந்தாள். "எம் புருசனக் குடுத்தியேண்ணே" என்றாள். நான் அவளை எழுப்பினேன். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே டாக்டர் உன் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்து எங்கள் ஆபீசர் விசாரிக்க வந்தார். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நின்றேன், வேலை போகப்போகிறது என்ற நினைப்போடு. "போர்டில் சிவப்பு அட்டை இருந்ததா?" என்று உன்னைக் கேட்டார். நீ கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"இருந்துச்சு சார். நான்தான் பாக்காம கைய வச்சேன்."

மயக்கம் இன்னும் தெளியவில்லை, ஏதோ உளறுகிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது. ஆபீசர் எழுதிக்கொண்டு போனார். அஜாக்கிரதையான ஃபிட்டர் என்று உனக்குப் பெயர் வந்தது. மூன்று விரலோடு ஸ்டோரில் ஆணியும் பெல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போனாய். நான் மேஸ்திரி ஆனேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் வீட்டுக்கு வருவேன். நீ டி.சி.யைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாய். உதறிக் காட்டுவதையும் நிறுத்திவிட்டாய். மற்றபடி அதே கேலி, அதே ஆள். நான் கிளம்பும்போது மட்டும் ஒன்று கேட்பாய்.

"எதுனா வுட்டுட்டுப் போறியா மாமு?"

நான் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பேன். பீடி இருக்கும், தீப்பெட்டி இருக்கும், சைக்கிள் சாவி இருக்கும். "ஒண்ணும் இல்லடா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவேன். எல்லாரும் கேட்கிற கேள்விதானே என்று நினைத்தேன். எட்டு வருஷம், ஒரு ஞாயிறு விடாமல் கேட்டாய்.

இன்று காலை வெளிச்சத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தேன். என் கையெழுத்துக்குக் கீழே மில் ஆள் கையெழுத்துப் போட வேண்டிய இடம். அது என் பையில் இருந்தபோது வெறுமையாக இருந்தது, சத்தியமாக வெறுமையாகத்தான் இருந்தது. இப்போது அங்கே உன் பெயர் இருக்கிறது. கோணல் மாணலாக, ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்துகொண்டு.

வேலைக்குப் போகவில்லை. நேராக ராயபுரம் போனேன். உன் வீட்டுக்காரி வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அட்டையைக் காட்டி, இதில் அவன் எப்போது கையெழுத்துப் போட்டான் என்று கேட்டேன்.

"அய்யோ, அது பையிலயா கீது?" என்றாள். "மில்லுலேருந்து தூக்கியாந்தப்பவே அவரு சட்டைக்குள்ள இருந்துச்சு. கையெழுத்து ஆஸ்பத்திரியில போட்டதுண்ணே. வலது கையில கட்டு. ராத்திரி பகலா எடது கையால எழுதி எழுதிப் பார்த்தாரு. இன்னாத்துக்குன்னு கேட்டேன். 'ஆபீசருங்க கார்டு எங்கன்னு கேட்டா காட்டணும், இல்லாட்டி அவனுக்கு வேலை பூடும்'னாரு. அவங்க கேக்கவே இல்ல."

அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"அப்பால பெட்டியில வச்சிகினாரு. 'அவனா வந்து கேட்டா குடுத்துடுவேன். நானாக் குடுத்தா அவன் உசுரோட இருக்க மாட்டான்'னு சொல்லுவாரு. எனக்கு ஒண்ணும் புரியல. நீயும் கேக்கல. இன்னாண்ணே அந்தக் கார்டு?"

சொன்னேன். போர்டில் கட்டாததை, "அப்பிடியா" என்றதை, சிரித்ததை, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். என் காலில் விழுந்தவள் அவள். திட்டுவாள், மீன் கத்தியையாவது எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெகு நேரம் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெயம நீ போனதும் வாசல்லயே குந்திகினு இருப்பாருண்ணே" என்றாள். "திரும்பி வருவேன்னு."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கோபம் வருகிறது எனக்கு, உன் மேல்கூட வருகிறது. ஒரு நாள் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டிருக்கக் கூடாதா? நான் அழுதிருப்பேன், நீ கேலி செய்திருப்பாய், அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் நிம்மதியாக டீ குடித்திருப்போம்.

என் கூட்டத்தில் இப்போது ஆறு பேர். அட்டை கட்டாமல் ஒருவன் ஏணியை விட்டு இறங்கினால் என் வாயில் என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். எவனும் கம்பியைத் தொடும் முன்னால் ஒவ்வொரு தடவையும் "கம்பியில உசிரு கீது, தொடாதே" என்று உரக்கக் கத்துவேன். மேஸ்திரிக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். யாருக்குச் சொல்ல வேண்டியதை இவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

அட்டை இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனால் நான் கேட்காமல் வந்த அட்டை இது. அது சரியில்லை. ஆகையால் இன்றைக்குத் திரும்பி வந்துவிட்டேன் என்று வைத்துக்கொள். உன் வாசலில்தான் நிற்கிறேன்.

ஆமாம் மாமு, ஒண்ணு வுட்டுட்டுப் போய்ட்டேன். அந்தச் செவப்பு கார்டு என்னுது. அன்னிக்கு அது என் பையிலதான் இருந்துச்சு. குடு.